வீட்டை ஈடு வைக்காதீர்கள்; பிள்ளை இரசாயனம் படிக்கட்டும்

சென்ற வாரம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் தம் மகளுடன் வந்திருந்தார். உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதிய பிள்ளைக்கு இரசாயனவியலில் ஏ சித்தி. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி மட்டும் மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. வீட்டை ஈடு வைத்தாவது அவளை வெளிநாட்டில் மருத்துவம் படிப்பிக்கும்படி கனடாவிலிருந்து மாமா வற்புறுத்துகிறார். தாய் அழுதார். சிறிது நேரம் ஆறுதல் சொன்னேன். அதன்பின் சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன்.

அம்மா, அந்த ஈட்டுப் பத்திரத்தில் கையொப்பமிடாதீர்கள். வெளிநாட்டுப் பட்டத்துடன் திரும்புபவர் இலங்கை மருத்துவச் சபையின் பரீட்சையிலும் சித்தியடைந்த பின்னரே இங்கு தொழில் செய்யலாம். அதுவரை வட்டியைக் கட்டப்போவது நீங்கள். அதைவிட முக்கியமானது, மருத்துவத்தைப் பற்றிப் பிள்ளை என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை என்பது. ஐந்து நோய்களைத் தடுக்கக் குழந்தைகளுக்குப் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் பற்றீரியாவின் சீனி எப்படிப் புரதத்துடன் இணைக்கப்படுகிறது என்றுதான் அவள் கேட்டாள்.

அது மிக நல்ல கேள்வி. அந்த ஐந்தில் ஒன்று, மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் என்ற பற்றீரியா. அதைப் போர்த்தியிருப்பது ஒரு பல்சக்கரைட்டுச் சங்கிலி, அதாவது சீனி அலகுகள் கோத்த சங்கிலி. அதைத் தனியே ஊசியாகப் போட்டால் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் உடல் போதிய எதிர்ப்பை உருவாக்காது; ஒரு புரதத்துடன் பிணைத்துக் கொடுத்தால் நோயெதிர்ப்பை வழிநடத்தும் டி கலங்களின் உதவி கிடைத்து, எதிர்ப்பும் நினைவும் உருவாகின்றன. சீனியைப் புரதத்துடன் பிணைக்கும் இந்த உத்தியை ஏவரியும் கோபெலும் 1929 இலேயே காட்டினார்கள். பிணைக்கும் ஒரு வழியை உங்கள் மகள் உயர்தரத்தில் படித்த சேதன இரசாயனத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்: பரஅயடேற்று என்ற ஒட்சியேற்றும் பொருள், அடுத்தடுத்த காபன்களில் ஐதரொட்சில் கூட்டங்கள் உள்ள இடத்தில் சங்கிலியை வெட்டி அல்டிகைட்டைத் தோற்றுவிக்கும், அது புரதத்திலுள்ள லைசினின் அமீனுடன் சேர்ந்து இமீனாகும், சோடியம் சயனோபோரோஐதரைட்டு அதைத் தாழ்த்தி நிலையான பிணைப்பாக்கும். வெட்டு அதிகமானால் பிறபொருளெதிரி அடையாளம் காணவேண்டிய வடிவமே சிதைந்துபோகும், குறைந்தால் சீனி போதிய அளவு பிணையாது. பிணையாமல் எஞ்சும் சீனியையும் பிரித்தெடுத்து அளக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கையாள்பவர் மருத்துவர் அல்லர், இரசாயனவியலாளர். கியூபா விஞ்ஞானிகள் அந்தச் சங்கிலியையே ஆய்வுகூடத்தில் தொகுத்து ஹிப் தடுப்பூசி செய்து, 2004 இல் அந்த ஆய்வை ஆய்விதழில் வெளியிட்டார்கள். கியூபாவும் நம்முடையதைப் போன்ற ஒரு தீவுதான்.

கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் அனுமதி கிடைத்தால் கட்டணமின்றி இரசாயனவியலைச் சிறப்புப் பாடமாகப் பயிலலாம். கிடைக்காவிட்டால் ராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவனத்தின் நான்காண்டுக் கற்கை இருக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு, முழுத்தொகையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பின்னர் கலாநிதிப் படிப்புக்கு அமெரிக்க இரசாயனத் துறைகள் பலவற்றில், கற்பித்தல் உதவிக்கு ஈடாகக் கட்டண விலக்கும் மாதப்படியும் கிடைக்கின்றன. அதற்கு வீடு தேவையில்லை. ஒன்றை மறைக்க மாட்டேன்: இத்தகைய தடுப்பூசிகள் இங்கே தயாராவதில்லை, ஆகவே பிள்ளை ஹைதராபாத்துக்கோ புனேக்கோ அதற்கும் அப்பாலோ போக நேரலாம்.

மாமா அடுத்த முறை அழைக்கும்போது தொலைபேசியைப் பிள்ளையிடம் கொடுங்கள். தனக்கு என்ன படிக்க விருப்பம் என்பதை அவளே சொல்லட்டும்.