கட்டித் தொலைத்தால் தீருமா?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகளுக்கு, டிரைவிங் லைசென்ஸை முடக்கிவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது. வேகமாக ஓட்டிப் பிடிபட்டாளாம், கோர்ட்டுக்கும் வரவில்லையாம். அந்த ஊர்ப் பக்கமே அவள் போனதில்லை. போன வருஷம் பர்ஸ் தொலைந்தது, பழைய லைசென்ஸ் அதில்தான் இருந்தது. "அபராதம் கொஞ்சம்தான்பா, கட்டித் தொலைச்சிடறேன்" என்கிறாள். கட்டலாமா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கட்டவே வேண்டாம் சார். பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் பெரும்பாலும் பதிவாகும், இன்சூரன்ஸ் பிரீமியமும் ஏறும், அப்புறம் 'அது நான் இல்லை' என்றால் யார் நம்புவார்கள்?

போலீஸ் நிறுத்தியதும் யாரோ ஒருத்தி உங்கள் மகளின் பேரையும் பிறந்த தேதியையும் சொல்லித் தப்பித்திருப்பாள். டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, உங்கள் மகள் பேரில். அந்தப் பெண் ஏன் கோர்ட்டுக்கு வரப்போகிறாள்? வரவில்லை என்று கோர்ட் தெரிவித்ததும் டிஎம்வி, அதாவது அங்கத்து ஆர்டிஓ மாதிரியான அலுவலகம், லைசென்ஸை முடக்கியிருக்கும். அதனால் டிஎம்வி கவுன்ட்டரில் போய் அழுது பயனில்லை, முடிச்சு கோர்ட்டில் இருக்கிறது.

முதலில் உள்ளூர் போலீஸில் அடையாளத் திருட்டுப் புகார். அமெரிக்க மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி நடத்தும் 'ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ்' தளத்திலும் பதிய வேண்டும். இரண்டு நகல்களோடும், அன்று ஆபீஸில் இருந்ததற்கான பதிவோடும், டிக்கெட் போட்ட கோர்ட்டை அணுகட்டும். டிக்கெட்டில் அந்தப் பெண் போட்ட கையெழுத்து இருக்கலாம், போலீஸ் கேமரா வீடியோ இருந்தால் கேட்டு வாங்கலாம், முகமே சொல்லிவிடும். வாரன்ட் நிலுவையில் இருக்கிறதா என்று வக்கீலை விட்டுப் பார்த்த பிறகே நேரில் போவது நல்லது, இதில் மட்டும் செலவுக்கு யோசிக்காதீர்கள்.

எந்த மாநிலம் என்று நீங்கள் எழுதவில்லை, சட்டமோ மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா என்றால் தண்டனைச் சட்டம் 530.6-இன்படி, தான் நிரபராதி என்று நீதிபதியிடமே உத்தரவு கேட்கலாம். வர்ஜீனியாவில் இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 'அடையாளத் திருட்டு பாஸ்போர்ட்' தருகிறது, போலீஸ் நிறுத்தினால் காட்டலாம்.

கோர்ட் உத்தரவின் சான்றிட்ட நகலை டிஎம்வியில் கொடுத்து, முடக்கம் நீங்கியதை எழுத்தில் வாங்கும்வரை காரைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். முடக்கிய லைசென்ஸோடு ஓட்டுவது தனிக் குற்றம், அது நிஜமாகவே அவள் செய்ததாகிவிடும். வேறு மாநிலத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால், லைசென்ஸ் தருமுன் மாநிலங்கள் சரிபார்க்கும் தேசிய ஓட்டுநர் பதிவேட்டிலிருந்தும் பேர் நீங்கிவிட்டதா என்று டிஎம்வியிலேயே கேட்டுவிடட்டும்.