ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள்

தேவகோட்டைத் தங்கைக்கு,

சிங்கப்பூருக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன, ஐந்தாம் மாதம் நடக்கிறது, இந்த நேரத்தில் ஆட்குறைப்பு என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். “எப்படியும் பிரசவத்துக்கு ஊருக்குத்தானே போவீர்கள், நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கும் மரியாதையாக இருக்கும்” என்று மனிதவள மேலாளர் வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருப்பதாகவும், எழுதிக் கொடுத்துவிட்டு ஆத்தா வீட்டுக்குப் போய்விடலாமா ஆச்சி என்றும் கேட்டிருக்கிறீர்கள். எழுதிக் கொடுக்க வேண்டாம். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

2014-இல் எனக்கும் இதுவே நடந்தது. அப்போது எனக்கு ஏழாம் மாதம். மேசை மேல் கடிதம் தயாராக அச்சாகி இருந்தது. அதில் என் பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்ததால் அதைத் திருத்தித் தரச் சொன்னேன், திருத்திக் கொண்டுவந்தார்கள், கையெழுத்திட்டேன். ‘என் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்ற வரியை அன்று நான் படிக்கத்தான் செய்தேன், அதன் விலை எனக்குத் தெரியவில்லை. குழந்தை பிறந்த பிறகே, எட்டு வாரச் சம்பளத்தை அந்த ஒரு வரியில் விட்டுக்கொடுத்திருந்தேன் என்று புரிந்தது.

இங்குள்ள சட்டம் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டு வல்லுநர்களுக்கான வேலை அனுமதி) இருப்பவர்களும் வேலைவாய்ப்புச் சட்டத்துக்குள் வருகிறார்கள். குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெறாதது என்றால் மகப்பேற்று விடுப்பு 12 வாரம். முதல் இரண்டு குழந்தைகளுக்கு அதில் 8 வாரம் நிறுவனம் சம்பளம் தர வேண்டும். கர்ப்ப காலத்தில் ஆட்குறைப்புச் செய்தாலும், தக்க காரணமின்றி வேலையை விட்டு நீக்கினாலும், அந்தப் பணத்தை நிறுவனம் கொடுத்தாக வேண்டும். அதற்கு நீங்கள் அங்கே குறைந்தது மூன்று மாதம் வேலை செய்திருக்க வேண்டும். நீக்கும் அறிவிப்பு உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே மருத்துவர் உங்கள் கர்ப்பத்தை உறுதி செய்திருக்க வேண்டும். நீங்களாக விலகி, கடைசி வேலைநாள் பிரசவத்துக்கு முன்பே முடிந்துவிட்டால் இந்த உரிமை போய்விடும். ‘மரியாதை’ என்று அவர்கள் சொல்வதன் உள்ளர்த்தம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். குழந்தை எந்த ஊரில் பிறக்கிறது என்பது அந்த நிபந்தனைகளில் இல்லை. முதல் பேறு ஆத்தா வீட்டில் என்பது நம் வழக்கம். அதை நிறுவனம் தன் வசதிக்கு எடுத்துக்கொள்ள விடாதீர்கள்.

ஆகவே நாளைக்கே மருத்துவமனையில் தேதியிட்ட சான்று வாங்கி, மின்னஞ்சலில் மனிதவளப் பிரிவுக்கு அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னது பின்னால் நிற்காது. அலுவலக மின்னஞ்சல் கணக்கை அவர்கள் எந்த நிமிடமும் முடக்கலாம் என்பதால், அனுப்பியதற்கும் வந்த பதிலுக்கும் ஒரு நகல் உங்கள் சொந்தக் கணக்கில் இருக்கட்டும். வேலை ஒப்பந்தத்தையும் சம்பளச் சீட்டுகளையும் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளச் சீட்டு என்று எழுதும்போது என் ஐயா நினைவுக்கு வருகிறார். மலாயாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வணிகத்துக்கு, போன காலத்தில் அவரிடம் இருந்த சம்பளச் சீட்டு, அந்தக் காலத்து வேலை ஒப்பந்தம், கோட்டையூர் வீட்டில் இரண்டாங்கட்டு அறையின் இரும்புப் பெட்டியில் நாலாக மடித்தபடி இன்னமும் இருக்கிறது. மூன்று வருடத் தவணை, சம்பளம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று எல்லாம் அதில் எழுத்தில் உண்டு. உறவுக்காரர் கடைக்குப் போனவர்கள்கூட எழுதி வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏறினார்கள். நாம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆட்குறைப்பு இழப்பீட்டை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். இரண்டு ஆண்டு வேலை செய்தவர்களுக்கே அதைக் கேட்கும் தகுதி உண்டு, அவர்களுக்கும் தொகை ஒப்பந்தத்தையோ பேச்சுவார்த்தையையோ பொறுத்தது. உங்களுக்குக் கிடைத்தால் நல்லது. முன்னறிவிப்புக் காலச் சம்பளம் வேறு. அது ஒப்பந்தப்படி வந்தே தீர வேண்டும். கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைத்தால் உடனே பதற வேண்டாம்: வெளிநாட்டவர் வேலையை விட்டு விலகும்போது வரித்துறையின் அனுமதி வரும்வரை பணத்தை நிறுத்தி வைப்பது இங்குள்ள விதி.

பேச்சில் தீராவிட்டால், டி.ஏ.டி.எம். என்ற, வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் முத்தரப்பு அமைப்பில் (அரசு, தொழிற்சங்கம், முதலாளிகள்) முறையிடலாம். முதலில் சமரசப் பேச்சு, அதில் முடியாவிட்டால் வேலை உரிமைக் கோரிக்கைகளுக்கான தீர்ப்பாயம். நியாயமற்ற பணிநீக்கம் என்று முறையிட, கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம். மகப்பேறு சார்ந்த முறையீட்டுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் வரை உண்டு என்றாலும், பச்சிளங்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படிவம் நிரப்பும் நிலை உங்களுக்கு வேண்டாம், முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள். வற்புறுத்தி வாங்கிய ராஜினாமாவைப் பணிநீக்கமாகக் கொள்ள வழி உண்டு, ஆனால் வற்புறுத்தினார்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள் தங்க அனுமதிப்பார்கள். உங்கள் கணவருக்குத் தனியாக எம்ப்ளாய்மென்ட் பாஸ் இருப்பதாகச் சொன்னீர்கள். அவர் மாதச் சம்பளம் 6,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) எட்டினால் அவருடைய நிறுவனம் உங்களுக்கு டிபெண்டன்ட் பாஸ், அதாவது குடும்பத்தினருக்கான தங்கும் அனுமதி, கேட்கலாம். இன்றே அவரைக் கேட்கச் சொல்லுங்கள். ஊருக்குப் போவதென்றால் கர்ப்பத்தின் 28 வாரத்துக்குள் பயணத்தை முடிப்பது எளிது. அதன் பிறகு பெரும்பாலான விமான நிறுவனங்கள் மருத்துவச் சான்று கேட்கும். திருச்சியில் இறங்கியபின் காரில் தேவகோட்டைவரை உட்கார்ந்து வர வேண்டியதையும் கணக்கில் வையுங்கள்.

வீட்டில் சொல்லத் தயங்குகிறீர்கள் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். ஆத்தாவிடம் சொல்லிவிடுங்கள் தங்கை. நான் நான்கு மாதம் மறைத்தேன். தினமும் தொலைபேசியில் “ஆபீஸ் போய்ட்டு வந்துட்டியா” என்று கேட்ட ஆத்தாவுக்கு “வந்துட்டேன்” என்று சொன்னது, வேலை போனதைவிட அதிகம் வலித்தது.

வெள்ளிக்கிழமை அறைக்குள் போனதும் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: “நான் விலகவில்லை. நிறுவனம் என்னை ஆட்குறைப்புச் செய்வதானால், காரணத்தையும் தேதியையும் கடிதமாகக் கொடுங்கள்.” பேனாவைத் தொடாமல் எழுந்து வாருங்கள். அன்று காலை நான் விடுப்பில் இருக்கிறேன். உள்ளே போகும் முன் என்னை அழைத்துப் பேசுங்கள், வெளியே வந்ததும் அழையுங்கள்.