டென்டல் மெக்கானிக் படிப்பு: மகளைச் சேர்க்கத் தயங்கும் அப்பாவுக்கு

ஐயா, வணக்கம்.

பல் மருத்துவப் பட்டப்படிப்பான பி.டி.எஸ். இடம் கிடைக்கவில்லை, லேப்பில் செயற்கைப் பல் செய்யக் கற்றுத்தரும் டென்டல் மெக்கானிக் டிப்ளமோவில் மகளைச் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "மாவு குழைக்கிற வேலைக்கு இரண்டு வருஷப் படிப்பா?" என்று உறவினர் கேட்டது உங்களை வருத்தியிருக்கிறது. அந்தக் குழைக்கிற வேலையை வைத்தே பதில் சொல்கிறேன். மகளுக்கு வேதியியல் பிடிக்கும் என்கிறீர்கள், அவளையும் படிக்கச் சொல்லுங்கள்.

நோயாளியின் வாயில் அளவு எடுத்த அச்சில் டென்டல் ஸ்டோனை ஊற்றி மாடல் எடுப்பார்கள். பல் செட்டும், பல்லின் மேல் மாட்டும் உறையான கிரவுனும் அந்த மாடலின் மேல்தான் உருவாகின்றன. ஸ்டோன் என்பது கால்சியம் சல்பேட் ஹெமிஹைட்ரேட் என்ற தூள். தண்ணீர் பட்டதும் சூட்டை வெளிவிட்டு ஜிப்சமாக இறுகும். 100 கிராம் தூளுக்கு இந்த வினை கேட்கும் நீர் சுமார் 18.6 மி.லி. மட்டுமே. அவ்வளவில் குழைக்க வராது என்பதால் ஸ்டோனுக்கு 28 முதல் 30 மி.லி., சாதாரண பிளாஸ்டருக்கு 45 முதல் 50 மி.லி. சேர்க்கிறார்கள். மிச்ச நீர் ஆவியான இடமெல்லாம் நுண்துளை. அளக்காமல் கண்மதிப்பில் ஊற்றினால் மாடலின் மேற்பரப்பு நகம் பட்டாலே சுண்ணாம்பாக உதிரும்.

குழைப்பதைவிட, ஊற்றிய பிறகு அது எந்த நிலையில் இறுகுகிறது என்பதில்தான் பெரும்பாலான மாடல்கள் கெடுகின்றன. அச்சில் எச்சிலோ ரத்தமோ ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் ஸ்டோன் சரியாக இறுகாது. ஊற்றிய கையோடு அச்சைக் கவிழ்த்து அடித்தளத்தில் வைத்தால் தண்ணீர் மேலேறும். அப்போது மேல்பக்கமாக இருப்பது பல் பதிந்த பக்கம். நமக்கு வேண்டிய பரப்பே மென்மையாகவும் சொரசொரப்பாகவும் ஆகிவிடும். அதனால் முதலில் பல் பகுதியை மட்டும் ஊற்றி, பளபளப்பு மங்கி இறுகத் தொடங்கும்வரை காத்திருந்து, பிறகு அடித்தளம் போடுவது நல்லது. வாயில் அளவெடுக்கப் பயன்படும் ஆல்ஜினேட் என்ற பொருளால் ஆன அச்சிலிருந்து மாடலை 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் பல் உடையும். இரவு முழுக்க விட்டுவைத்தால் ஆல்ஜினேட் காய்ந்து ஸ்டோனின் நீரை இழுத்து மேற்பரப்பைக் கெடுக்கும். பிரித்த மாடலைக் குழாய் நீரில் ஊறவைத்தாலும் ஜிப்சம் சிறிது சிறிதாகக் கரைந்து நுண்விவரம் மங்கும். ஜிப்சம் ஏற்கெனவே கரைந்து தெவிட்டிய நீரில் நனைப்பது இதனால்தான்.

கிரவுன் விளிம்பில் ஒரு சின்னக் குமிழி விழுந்தாலும் கிரவுன் பல்லில் சரியாக உட்காராது. அவதிப்படுவது நோயாளி. ஆகவே உங்கள் மகளின் மதிப்பெண்ணைவிட அவளுடைய பொறுமையைத்தான் நான் பெரிதாகப் பார்ப்பேன். காரணம் தெரிந்துகொண்டு காத்திருக்கத் தெரிந்தவள் இதில் நிச்சயம் முன்னுக்கு வருவாள்.

1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே டென்டல் மெக்கானிக்குகளுக்குத் தனிப் பதிவேடு வகுத்தது. நீங்கள் பார்க்கும் கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா, படித்து முடித்தால் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதில் தயங்கவே வேண்டாம். இப்போது வாய்க்குள்ளேயே ஸ்கேன் செய்து, கணினியில் வடிவமைத்து, முப்பரிமாண அச்சில் மாடல் எடுக்கிற லேப்களும் இருக்கின்றன. கேட்-கேம் எனப்படும் இந்தக் கணினி முறையைச் சொல்லித்தராத கல்லூரியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்காக ஸ்டோன் வேலையைத் தள்ளிவிடவும் முடியாது. பல் செட் வேலையில் அதற்கு இன்னும் இடம் உண்டு.

கல்லூரிக்குப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மாணவர்கள் எடுத்த மாடல்களைக் காட்டச் சொல்லி, குமிழியும் சொரசொரப்பும் இருக்கிறதா என்று மகளையே கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தூளை எடைபோடத் தராசு, அதிர்வூட்டிக் குமிழியை நீக்கும் வைப்ரேட்டர், காற்றை உறிஞ்சிக் குழைக்கும் வெற்றிடக் கலவை இயந்திரம் மூன்றும் தினமும் புழங்குகின்றனவா என்று கேளுங்கள். அதற்கு முன், உங்கள் ஊர்ப் பல் மருத்துவரிடம் சொல்லி, அவர் வேலை கொடுக்கும் லேப்பில் அவள் ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். சாயங்காலம் அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு விண்ணப்பத்தை நிரப்பலாம்.