வாசகர் கேள்வி பதில்: ‘ஆஃப்’ என்றால் அணைந்ததா, அடித்ததா?

கே: ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இரவு ஷிப்ட் ரிப்போர்ட்டில் ‘தி ஃபயர் அலாரம் வென்ட் ஆஃப்’ என்று எழுதியிருந்தார்கள். அலாரம் அணைந்துவிட்டது என்று எண்ணி எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அலாரம் அடித்தது என்பதுதான் பொருளாம். எப்படி?

ப: ஆம், அடித்தது என்பதே சரி. விலகிப் போவதுதான் ‘ஆஃப்’பின் ஆதிப் பொருள். விளக்கும் ஃபேனும் ஓடிக்கொண்டிருப்பவை. அவை ‘வென்ட் ஆஃப்’ என்றால் ஓட்டம் போயிற்று, நின்றுவிட்டன. அலாரம், வெடி, துப்பாக்கி மூன்றும் விசையை அடக்கிக்கொண்டு காத்திருப்பவை. அவற்றில் அந்த அடக்கம் போய்விடுகிறது: அலாரம் அடிக்கிறது, வெடி வெடிக்கிறது. எனவே எந்தப் பொருளைப் பற்றிய வாக்கியம் என்பதை முதலில் பாருங்கள்.

கூட வரும் வினை மாறினாலும் பொருள் புரண்டுவிடும். ‘தி அலாரம் வாஸ் ஆஃப்’ என்றால் அலாரம் அணைந்த நிலையில் இருந்தது. ‘ஹி டர்ன்ட் ஆஃப் தி அலாரம்’ என்றால் அவர் அதை நிறுத்தினார். ‘ஸ்மோக் செட் ஆஃப் தி அலாரம்’ என்றால் புகை பட்டு அலாரம் அடித்தது. பாதுகாப்புப் பதிவேட்டில் ‘வென்ட் ஆஃப்’ என்ற சொல்லே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அடித்ததற்கு ‘ராங்’, அணைத்ததற்கு ‘வாஸ் ஸ்விட்ச்டு ஆஃப்’, மோட்டார் தானாக நின்றதற்கு ‘ட்ரிப்டு’ என்று எழுதச் சொல்லுங்கள். இரவில் எழுதியதைக் காலையில் வேறொருவர் படித்து நடவடிக்கை எடுக்கிறார். அங்கே இரு பொருள் இருக்கக் கூடாது.

கே: ஆரணியில் பட்டுப்புடவைக் கடை வைத்திருக்கிறோம். விளம்பரத்தில் ‘20% ஆஃப்’ போடும்போது ஒரு ‘எஃப்’ விட்டுப்போனால் பரவாயில்லையா?

ப: விடவே விடாதீர்கள். ஒரு எஃப் போட்டால் ‘இல்’, இரண்டு போட்டால் ‘கழிவு’. 1,000 ரூபாய் விலையில், ஒரு எஃப் என்றால் விலையில் 20 சதவீதம், அதாவது 200 ரூபாய். இரண்டு எஃப் என்றால் 200 கழித்து 800 ரூபாய். உச்சரிப்பும் வேறு: முதலாவதில் எஃப் எழுத்து ‘வ்’ என ஒலிக்கும். பழைய ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்தான், பின்னால்தான் பிரிந்தன.

‘50% + 20% ஆஃப்’ என்று போட்டால் 70 சதவீதம் என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். 1,000 முதலில் 500 ஆகி, அந்த 500இல் 20 சதவீதம் போய் 400 ஆகிறது. மொத்தக் கழிவு 60தான். பலகையிலேயே கடைசி விலையையும் எழுதிவிடுங்கள்.

கே: ஆற்காடு பக்கம் விவசாயி. சிபில் ரிப்போர்ட்டில் (நாம் வாங்கிய கடன்களின் வரலாற்றுப் பதிவு) என் கடனுக்கு நேரே ‘ரிட்டன் ஆஃப்’ என்று இருக்கிறது. கடன் தள்ளுபடி ஆகிவிட்டதா?

ப: இல்லை. இதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் பலர். ‘ரைட் ஆஃப்’ என்பது வராத கடனை வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவைப்பது. உங்கள் பொறுப்பு அப்படியே இருக்கிறது. வங்கி பணத்தைக் கேட்கலாம், வழக்கும் போடலாம். நீங்கள் கட்ட வேண்டாம் என்று விடுவதற்குப் பெயர் ‘வேவர்’. நம் செய்திகளில் இரண்டையும் ‘தள்ளுபடி’ என்றே எழுதுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வங்கிக் கிளையில் பாக்கித் தொகையை எழுத்தில் கேளுங்கள். முழுதும் கட்டி (இதுதான் ‘பே ஆஃப்’) ‘நோ டியூஸ்’ சான்றிதழ் வாங்குங்கள். பிறகு சிபிலில் ‘குளோஸ்டு’ என்று மாற்றச் சொல்லி வங்கியிடம் மனுக் கொடுங்கள். தொகையைக் குறைத்துப் பேசி முடித்தால் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். அடுத்த கடனுக்கு அது இடைஞ்சல்.

கே: மகளின் கட் ஆஃப் 172. வெளிமாநிலக் கல்லூரிக்கு அப்படியே எழுதலாமா? (குடியாத்தம் வாசகி)

ப: வேண்டாம் அம்மா. கணிதம் 90, இயற்பியல் 80இல் பாதி 40, வேதியியல் 84இல் பாதி 42 என்று 200க்குக் கூட்டி வருவதை நாம் மட்டும்தான் ‘என் கட் ஆஃப்’ என்கிறோம். மற்ற இடங்களில் அது கல்லூரி போடும் எல்லைக்கோடு. அதற்குக் கீழே இடமில்லை. பாட வாரியாக மதிப்பெண்ணை எழுதுங்கள்.

கே: ‘டுமாரோ இஸ் மை ஆஃப் டே’ சரியா?

ப: விடுமுறை என்றால் ‘டே ஆஃப்’. ‘ஆஃப் டே’ என்றால் எதுவும் சரியாக அமையாத நாள். அரை நாள் விடுப்புக்கு ‘ஹாஃப்’. அந்த ‘ஹ’வை விழுங்கிவிட்டால் முழுநாள் விடுப்பு என்று மேலாளர் எழுதிக்கொள்வார்.

கே: காட்பாடியில் ரயிலை விட்டு இறங்குவது ‘கெட் ஆஃப்’பா, ‘கெட் அவுட்’டா?

ப: ரயில், பஸ், விமானம், சைக்கிள் என்றால் ‘கெட் ஆஃப்’. கார், ஆட்டோ என்றால் ‘கெட் அவுட் ஆஃப்’; அங்கே வருவது ஒரு எஃப் உள்ள சொல்.