மிதியும் மோட்டாரும்: வாசகர் கேள்வி பதில்

அப்பா ஓட்டிய 28 அங்குல ராடு பிரேக் சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது. அதை மின்சைக்கிளாக்க 250 வாட் மோட்டார் கிட் மாட்டலாமா? சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் கிட் நல்லதா, பக்கவாட்டில் மோட்டார் வைத்துச் செயின் போடுவது நல்லதா?
*வாசகர், ராசிபுரம்*

மாட்டலாம். ஆனால் ஹப் மோட்டாரை (சக்கரத்துக்குள்ளேயே இருப்பது) வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் யோசிக்காதீர்கள். இந்த வகை வண்டியில் முன் ரிம்முக்குப் பெரும்பாலும் 32 துளை, பின் ரிம்முக்கு 40. ஹப் மோட்டார்களோ பெரும்பாலும் 36 துளையில் வருகின்றன. பழைய ரிம்மில் கம்பி கோக்க வழியே இல்லை. ரிம்மோடு விற்கும் 26 அங்குலச் சக்கரத்தைப் போட்டால் ராடு பிரேக் பொருந்தாது. அதன் கட்டை ரிம்மின் உள்வட்டத்தில் அழுத்துவது, அளவு மாறினால் வேலை செய்யாது. மோட்டார் அச்சு 12 மி.மீ. தடிமன், இரு பக்கமும் தட்டையாக்கிய இடத்தில் 10 மி.மீ. பழைய போர்க்கில் (சக்கரத்தைப் பிடிக்கும் கவை) அச்சு உட்காரும் காடி அதைவிடக் குறுகல். அரம் போட்டு அகலமாக்கிவிடலாம் என்று கடையில் சொல்வார்கள். அதிகம் ராவினால் அச்சைப் பிடித்துக்கொள்ள இரும்பே மிஞ்சாது.

ஆகவே உங்கள் வண்டிக்குப் பக்கவாட்டு மோட்டார்தான். 24 வோல்ட், 250 வாட், உள்ளே கியர் வைத்த மோட்டார். வெளியே 9 பல் சக்கரம், அரை அங்குலச் செயின். ரிம், பிரேக் எதையும் தொட வேண்டாம். சுமையோடு ஓடும்போது மோட்டாரின் வெளித்தண்டு நிமிடத்துக்குச் சுமார் 280 முதல் 300 சுற்று சுற்றும். பின் சக்கரத்தில் 18 பல் போட்டால் அது பாதியாகும். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் நகரும். கணக்குப் போட்டால் மணிக்கு 19 கி.மீ. பக்கம் வரும். அந்த வண்டியின் பிரேக்குக்கு அது போதும், போதும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் கட்டை எப்படி வழுக்கும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

மிதிச் செயின் வலப்பக்கம் இருப்பதால் மோட்டார் செயினுக்கான பல்சக்கரம் பின் சக்கரத்தின் இடப்பக்கம் வரும். தகராறு வருவது அதில்தான். சாதாரண ஃப்ரீவீலை (மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியே சுற்றவிடும் பல்சக்கரம்) அங்கே திருகிப் போட முடியாது. அதன் மரை வலப்பக்கத்துக்கானது. இடப்பக்கம் வைத்தால் மோட்டார் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் கழன்றுகொண்டே வரும். உள்ளிருக்கும் பூனையும் (அந்தச் சின்னப் பற்றுக்கொக்கி) எதிர்த்திசையில் பிடிக்கும். கிட்டோடு வரும் இடப்பக்க ஃப்ரீவீலையே கேட்டு வாங்குங்கள். மலிவான கிட்டுகளில் பல்சக்கரத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஸ்போக்ஸ் கம்பியோடு நெருக்கிப் பிடிப்பார்கள். நடுமையம் ஒரு மி.மீ. தவறினாலும் சக்கரம் சுற்றும்போது செயின் ஓரிடத்தில் விறைத்து, எதிர்ப்புறத்தில் தொய்யும். சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, விறைக்கிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, போல்ட்டுகளைத் தளர்த்தி அந்தப் பக்கத்திலிருந்து மையத்தை நோக்கி லேசாகத் தட்டி நகர்த்துங்கள். நான்கைந்து தடவையாவது செய்ய வேண்டியிருக்கும். எல்லா இடத்திலும் 10 மி.மீ. அளவு தொய்வு நின்றால் சரி. முதல் 50 கி.மீ. ஓடியபின் கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்களின் சக்கரத்தில்தான் கம்பி அறுகிறது.

24 வோல்ட்டுக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் யு.பி.எஸ். பேட்டரி இரண்டு போதும் என்கிறார் கடைக்காரர். லித்தியம் மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவு பெரிதா?
*வாசகி, காரைக்குடி*

பெரிதுதான். அந்த 7 என்ற எண், 20 மணி நேரம் மெல்ல மெல்ல, அதாவது 0.35 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. உங்கள் மோட்டார் முழுச் சுமையில் 14 ஆம்பியர் இழுக்கும். அந்த வேகத்தில் உறிஞ்சினால் இந்த மாதிரி ஈய பேட்டரியில் பாதிதான் கைக்கு வரும். தாளில் 24-ஐ 7-ஆல் பெருக்க 168 வாட்-அவர். சாலையில் 80, 90. மிதிக்காமல் ஓட்டினால் ஒரு கி.மீ.க்கு 12 முதல் 15 வாட்-அவர் ஆகும் என்பதால் ஆறேழு கி.மீ.யில் வண்டி பெருமூச்சு விடும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 5 கிலோ வேறு. அடிக்கடி அடிவரை இறக்கினால் சீக்கிரமே கெட்டுப்போகும்.

லித்தியத்தில் 24 வோல்ட் என்பது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த 7 செல் வரிசை. முழுதாக ஏறினால் 29.4 வோல்ட். 2.5 ஆம்பியர்-அவர் செல்களை வரிசையின் ஒவ்வொரு இடத்திலும் நான்காகச் சேர்த்தால் 28 செல், 10 ஆம்பியர்-அவர், சுமார் 250 வாட்-அவர், பெட்டியோடு 2 கிலோவுக்குள். நீங்களும் மிதித்தால் 25 கி.மீ. வரை தாராளம். ஒரு தடவை சார்ஜ் ஏற்ற, சார்ஜரின் இழப்பையும் சேர்த்து யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குள் ஆகும்.

வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள். செல் மீது எழுதியிருக்கும் எண்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளமுள்ள செல்லில் 3.5 ஆம்பியர்-அவருக்கு மேல் அடங்குவது அரிது. 6, 9 என்று அச்சடித்திருந்தால் உறையை உரிக்காமலே திருப்பிக் கொடுங்கள். அடுத்தது பி.எம்.எஸ். பலகை (பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காப்பது): கன்ட்ரோலர் (மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் பெட்டி) 15 ஆம்பியர் என்றால் இது 20 ஆம்பியராவது தாங்க வேண்டும். மூன்றாவது சார்ஜர். 29.4 வோல்ட்டில் தானாக நிற்கும் லித்தியம் சார்ஜர்தான் வேண்டும். ஈய பேட்டரி சார்ஜரின் முனை பொருந்துகிறதே என்று அதைச் செருகுவதுதான் இந்தத் தொழிலில் மிக ஆபத்தான சிக்கனம்.

பேட்டரி பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி. ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். இரவில், வாசற்கதவை ஒட்டி வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அதுதான்.

ஓட்டுநர் உரிமம், பதிவு எதுவும் வேண்டாம் என்று கிட் விளம்பரத்தில் போட்டிருக்கிறதே, உண்மையா?
*வாசகர், தென்காசி*

பாதி உண்மை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 2(யு) இதைச் சொல்கிறது. மோட்டார் 30 நிமிடம் தொடர்ந்து தரும் திறன் 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவு, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் என்று இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. மிதிக்கும்போது உதவும் சைக்கிள் என்றால் 25 கி.மீ.யை எட்டும்போதோ, மிதிப்பதை நிறுத்தும்போதோ மோட்டார் ஓய வேண்டும். விளம்பரத்தில் வராத வரி ஒன்று உண்டு: இந்த நிபந்தனைகளை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையம் சரிபார்த்திருக்க வேண்டும். கம்பெனியிலிருந்து முழுதாக வரும் மின்சைக்கிளுக்கு அந்தச் சான்று இருக்கும், வீட்டில் மாற்றியதற்கு இராது. 350 வாட் மோட்டாரில் 250 என்று ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறவரிடம் வாங்காதீர்கள்.

26 அங்குல சைக்கிளில் 36 வோல்ட் பின்சக்கர ஹப் மோட்டார் போட்டேன். ஒரு மாதம் நன்றாக ஓடியது. இப்போது த்ராட்டிலைத் திருகினால் மோட்டார் உதறுகிறது, சுற்ற மறுக்கிறது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் உதவி வருகிறது என்ற குறை முதல் நாளிலிருந்தே உண்டு.
*வாசகர், பொள்ளாச்சி*

இரண்டாவது குறை எளிது. பெடல் அச்சில் இருக்கும் காந்த வட்டைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். கிராங்கை (பெடலைத் தாங்கும் கை) கழற்றி, வட்டை மறுபுறம் புரட்டிப் போடுங்கள். சென்சாருக்கும் வட்டுக்கும் நடுவே 2, 3 மி.மீ. இடைவெளி போதும்.

உதறல் என்றால் முதல் சந்தேகம் ஹால் சென்சார் மீது. மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது அதுதான். மோட்டாருக்குப் போகும் ஒயர்களில் மூன்று தடிமன், அவை மின்சாரத்துக்கு. ஐந்து மெல்லியவை, சென்சாருக்கு. இணைப்பைப் பிரிக்காமல், கனெக்டரின் பின்புறமாக மல்டிமீட்டர் ஊசியைச் செருகுங்கள். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 5 வோல்ட் அளவு காட்ட வேண்டும். பிறகு கறுப்பில் ஒரு முனை, மஞ்சளில் மறுமுனை. சக்கரத்தைப் பின்னோக்கி மெல்லச் சுற்றுங்கள். கியர் வைத்த ஹப்பை முன்னோக்கிச் சுற்றினால் உள்ளே மோட்டார் அசையாது, மீட்டர் அசையவில்லையே என்று நல்ல சென்சாரைக் குறை சொல்வீர்கள். 0, 5, 0, 5 என்று மாறி மாறி வந்தால் மஞ்சள் நலம். பச்சை, நீலத்துக்கும் அதே சோதனை. எது ஒரே எண்ணில் நிற்கிறதோ அந்த ஒயர் அறுந்திருக்கும், அல்லது சென்சார் போயிருக்கும்.

மோட்டாரைப் பிரிக்குமுன் அச்சின் ஓரத்தைப் பாருங்கள். ஒயர்க்கட்டு அச்சுக்குள்ளிருந்து வெளிவரும் இடத்தில் முறுக்கிக்கொண்டிருந்தால் கதை அங்கேதான். மோட்டார் சக்கரத்தை ஒரு பக்கம் தள்ளும்போது அச்சு மறுபக்கம் திருகப் பார்க்கும். நட்டு மட்டும் அதைத் தடுத்து நிறுத்தாது. அச்சின் தட்டையான பகுதியில் மாட்டி, மறுமுனையைச் சட்டத்தோடு கிளாம்ப் போட்டுப் பிடிக்கும் டார்க் ஆர்ம் ஒன்றாவது வேண்டும். சின்னத் துண்டு இரும்புதான்; கிட் பெட்டியில் பெரும்பாலும் இருப்பதில்லை.

36 வோல்ட் பேட்டரியை 24 வோல்ட் மோட்டாருக்குக் கொடுத்தால் வேகம் கூடுமாமே?
*வாசகர், ஆம்பூர்*

ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். மோட்டார் சூடும், பிரேக் போட வேண்டிய தூரமும் அதோடு கூடும். விதியின் வரம்பையும் தாண்டுவீர்கள். வேண்டாம்.

இறக்கத்தில் பேட்டரி தானாக ஏறுமா? மழையில் ஓட்டலாமா?
*வாசகி, கூடலூர்*

கியர் ஹப்பிலும் ஃப்ரீவீல் வைத்த பக்கவாட்டு மோட்டாரிலும் ஏறாது; இறக்கத்தில் சக்கரம் மோட்டாரை விட்டுத் தனியாகச் சுற்றும். தூறலில் ஓட்டலாம். தேங்கிய நீர் அச்சு மட்டத்தைத் தொடும் இடத்தில் இறங்கித் தள்ளுங்கள், அதுவும் நீர் பேட்டரிக்கு எட்டாத ஆழம் என்றால் மட்டும். கன்ட்ரோலரை ஒயர்கள் கீழ்நோக்கி வெளிவரும்படி கட்டுங்கள். மோட்டார் ஒயர் அச்சுக்குள் நுழையுமுன் ஒரு சின்னத் தொங்கலாக வளைந்து, பிறகு மேலேறட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.