புகைக்கூடு: கேள்வி பதில்

போறணைக்கும் வீட்டுக்கும் புகைக்கூடு கட்டுவது என் தொழில். கனடாவில் விறகு அடுப்பு பொருத்தும் வேலையும் செய்திருக்கிறேன். என் வேலைக்குள் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

உவர்மலையிலிருந்து: ஐயா, ரொறன்ரோவில் தம்பி வீட்டின் நிலக்கீழ் அறையில் விறகு அடுப்பு வைக்கப்போகிறான். சுவரைத் துளைத்து வெளிப்பக்கமாகக் குழாய் ஏற்றுவது சரியா?

வெளிப்பக்கம் வேண்டாம் என்று சொல்லுங்கள் தங்கச்சி. குளிர்காலத்தில் அந்த வீடே ஒரு புகைக்கூடாக மாறிவிடும். சூடான காற்று ஏறி மாடி இடுக்குகளால் வெளியேற, கீழ் அறை எங்கிருந்தாவது காற்றை இழுக்கும். வெளியே நிற்கும் குழாய் குளிர்ந்து கிடந்தால் அதன் வழியாகவே இழுக்கும். மூட்டும்போது புகை முகத்தில் அடிப்பது சின்னத் தொல்லை. நடுச்சாமத்தில் தணல் ஆறும்போது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உள்ளே இறங்குவதுதான் உயிராபத்து. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அடுப்பு அறையிலும் படுக்கைத் தளத்திலும் அதற்கான அலாரம் கட்டாயம் வேண்டும்.

முதலில் குழாயின் வழியைத் தீர்மானிக்கட்டும். வீட்டுக்குள்ளேயே நேராக ஏறி, கூரை முகட்டுக்கு அருகில் வெளிவர வேண்டும். அதற்கு நேர் கீழே அடுப்பை வைக்கட்டும். பலர் அடுப்புக்கு அழகான மூலையைத் தேடிவிட்டுப் பிறகுதான் குழாயை நினைக்கிறார்கள். உச்சி, கூரையைத் துளைத்த இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். 10 அடி தூரத்துக்குள் உள்ள எந்தக் கூரைப் பகுதியையும் விட 2 அடி கூட இருக்க வேண்டும். தளங்களைக் கடக்க, 650 பாகை செல்சியஸ் தரத்தில் தொழிற்சாலையில் செய்த வெப்பக்காப்புப் புகைக்கூடு வேண்டும். ஒற்றைத் தகரக் குழாய் அடுப்பு நிற்கும் அறைக்குள் மட்டும். அதுவும் எரியக்கூடிய சுவரிலிருந்து 18 அங்குலம் தள்ளி. குழாய்களின் சுருக்கிய நுனி அடுப்பைப் பார்த்து இருக்கட்டும், தார் கசிந்தாலும் உள்ளேயே வழியும். உள்ளூராட்சி அனுமதியையும் காப்புறுதிக்காரரையும் முதலே கேட்கச் சொல்லுங்கள். 'வெற்' (WETT) என்ற, விறகு அடுப்பு வேலைக்கான சான்று பெற்றவரின் பரிசோதனையை அவர்கள் பெரும்பாலும் கேட்பார்கள்.

நிலாவெளியிலிருந்து: கச்சான் காற்றுக் காலத்தில் குசினிக்குள் புகை திரும்புகிறது.

காற்று வரும் பக்கத்தில் மாடி வீடோ பெரிய மரமோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உச்சியை உயர்த்துங்கள், மூடியும் போடுங்கள். கடற்கரையில் தகரக் குழாய் உப்பில் துருப்பிடிக்கும். செங்கல்லில் கட்டுங்கள், அல்லது 316 தர ஸ்ரெயின்லெஸ் வாங்குங்கள்.

தம்பலகாமத்திலிருந்து: குழாயை ஜன்னலால் வெளியே விட்டால் போதாதா?

போதாது. புகைக்கு உயரம் வேண்டும்.

மூதூரிலிருந்து: சுவரால் எடுத்து, இரண்டு வளைவு வைத்து...

மேலே சொல்லிவிட்டேன் தம்பி. வளைவு கூடக்கூட இழுவை குறையும்.

சீனக்குடாவிலிருந்து: அஸ்பெஸ்டஸ் கூரையில் துளை போடலாமா?

வேண்டவே வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அந்த ஒரு சீற்றை உடைக்காமல் முழுதாகக் கழற்றிவிட்டுத் தகரம் போடுங்கள்.

சாம்பல்தீவிலிருந்து: புகை இருந்தால்தான் கிடுகு நிலைக்கும் என்று அம்மா சொல்கிறா. 2022இல் காஸ் இல்லாதபோது அனகி என்ற மண் விறகடுப்பு வாங்கினோம், புகைக்கூடு இல்லாமலே சமாளித்தோம்.

கிண்ணியாவிலிருந்து: கிடுகு நிலைக்கும், நெஞ்சு நிலைக்குமா? எங்கள் உம்மா இருமாத நாளில்லை!

சாம்பல்தீவு: அப்போ பூச்சிக்கு என்ன செய்வது?

இருவரும் சொல்வதில் உண்மை உண்டு. கிடுகில் பூச்சி பிடிக்காமல் புகை காக்கும். அனகியும் நல்ல அடுப்புத்தான், விறகு குறைவாகத் தின்னும். ஆனால் அதில் புகைக்கூடு இல்லை, வருகிற புகை அறைக்குள்தான் நிற்கும். அடுப்படியில் நிற்கும் பெண்களும் காலைச் சுற்றும் பிள்ளைகளுமே அதைக் குடிக்கிறார்கள். கிடுகைப் புதிதாக வேயலாம், நுரையீரலை முடியாது. அதற்காகக் கிடுகுக்குள்ளால் குழாயை ஏற்றிவிடாதீர்கள், ஒரு பொறி போதும். அடுப்பின் மேல்பக்கத்துக் கூரையைத் தகரமாக்கி, கிடுகை நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள். உச்சியில் தீப்பொறியைத் தடுக்கும் வலையும் போடுங்கள்.

மீண்டும் மூதூர்: ஐயா, ஒரே ஒரு வளைவு?

ஒன்றென்றால் 45 பாகைக்குள் வையுங்கள். துப்புரவாக்க ஒரு கதவும் விடுங்கள், கரி அங்கேதான் தங்கும்.

பாலையூற்றிலிருந்து: காஸ் அடுப்புக் குழாய் எங்கே வாங்கலாம்?

அது என் வேலையில்லை. காஸ் விற்கும் கடையில் கேளுங்கள்.