நாகர்கோவிலில் இருந்து வேலைக்காகக் கொழும்பு போனால் செலவு கூடுமா?

கூடும். முதலில் சம்பளத் தொகையைப் பார்த்து மயங்காதீர்கள். நம்ம 1 ரூபாய்க்கு அங்கே சுமார் மூன்றரை ரூபாய். 3 லட்சம் தருகிறோம் என்றால் இங்கத்த கணக்கில் 85,000 சொச்சம்தான்.

பால்டீ குடிக்கிற ஆளா? அங்கே கடையில் பெரும்பாலும் பால்மாவை, அதாவது பால் பவுடரை, கரைத்துத்தான் தருவார்கள். பால்மாவும் பருப்பும் அதிகமும் இறக்குமதி, டாலர் ஏறினால் டம்ளர் விலையும் ஏறும். மீனில் சாளையும் சூரையும் கிடைக்கும், நம்மூர் வடசேரிச் சந்தை ஞாபகம் வரும்!

கார் ஆசையை விட்டுவிடுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் கார் இறக்குமதியை 2025 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். வரியும் பயங்கரம், பழைய வண்டிகூட ஆனை விலை. பஸ், ரயில் போதும்.

வாடகைக்கு, பணக்காரர்கள் இருக்கிற கொழும்பு 7 வட்டாரத்தின் பக்கம் தலைவைக்காதீர்கள். தமிழ்க் கடைகள் வேண்டுமென்றால் வெள்ளவத்தை. கொஞ்சம் மிச்சம் பிடிக்கத் தெஹிவளை.